உரப்பையில் இருந்தது உப்பு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு உனக்குப் போன் எடுத்தேன். ஹனிபா நானா தாராபுரத்தில் தான் கருவாடு காயப்போடுகிற வளவை விற்கப் போகிறார், முதலில் என்னிடம்தான் கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். நீ யோசிக்கவே இல்லை. "நல்லதுதானே அம்மா, நீங்களே வாங்கிப் போடுங்கோவன்" என்றாய். பிறகு மலேசியாவில் மழையா என்று நான் கேட்டேன், நீ ஏதோ சொன்னாய், வைத்துவிட்டோம். திருப்பி எடுத்துக் கத்தியிருக்கலாம். கத்தினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இணையத்தில் ஆட்கள் போடுகிறதைப் பார்த்துப் பிழையானதை அழிக்கிற உங்கள் வேலையில், ஒரு பதிவைக் கடைசி வரைக்கும் பார்க்க நேரம் தருவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். இது உன் வேலை இல்லை. உன் தாயின் கடிதம். கடைசி வரைக்கும் வாசி. படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன், ஆனால் உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு பிரதி தோட்டவெளியில் நம் கடைச் சுவரில் ஒட்டப்படும். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். ஹனிபா நானாவிடம் கேட்டுத்தான் அவருடைய பெயரைப் போட்டிருக்கிறேன்.

கருவாடு விற்று எழும்பினவள் என்றுதான் என்னை ஊர் சொல்லும். உண்மையில் நான் எழும்பினது வெறும் சாக்கில். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்களிடம் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. கடனுக்குக் கருவாடு வாங்கி, பஸ்ஸில் முருங்கனுக்குக் கொண்டுபோய், வயல்காரர் வீடுகளில் விற்றேன். பஸ் கண்டக்டர் ஒவ்வொரு நாளும் அதே பகிடியைத்தான் விடுவான். "அக்கா, மூட்டைக்கும் ஒரு ரிக்கட் எடுங்கோ, உங்களைவிட அதுதான் எல்லாரையும் நெருக்குது." அந்த வீடுகளில் பின்பக்கம் பார்த்தால் யூரியா வந்த உரப்பைகள் குவிந்து கிடக்கும். காசு இல்லாதவர்களிடம் கருவாட்டைக் கொடுத்து உரப்பையை வாங்கினேன். உள்ளே இருக்கும் மெல்லிய பையை உருவி எறிந்து, மூன்று தண்ணியில் அலசி, வெயிலில் போட்டு எடுத்தால் அதைப்போல உப்புச் சுமக்கிற சாக்கு வேறில்லை. இந்த மன்னார்த் தீவில் கருவாடு போடுகிற ஆட்களில் பாதிப்பேர் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றியது நான் விற்ற உரப்பையில்தான். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனத்தை இங்கிருந்து துரத்தினபோது போய், புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல் கிடந்துவிட்டுத் தாராபுரத்துக்குத் திரும்பி வந்து ஹனிபா நானா வளவு தொடங்கியபோது, முதல் கட்டுச் சாக்கை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். அன்றைக்கு என்னோடு வந்தவன் நீ. கிணற்றடியில் அந்தச் சாக்குகளைப் புரட்டிப் புரட்டிக் கழுவினவனும் நீதான். பள்ளிக்கூடத்தால் வந்து அந்தக் கட்டுகளுக்கு மேலேயே படுத்து நித்திரை கொள்வாய். உரப்பையில் எழுதியிருக்கிற எழுத்தை வாசித்துத்தான் நீ இங்கிலிஸ் எழுத்துக் கூட்டப் பழகினாய் என்று உன் அப்பா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சுவரில் வாசிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். நாலு மாதத்துக்கு முன் கருவாடு வாங்க வந்த ஆரோ ஒரு ஆள் ஹனிபா நானாவின் வளவில் ஒரு படம் எடுத்தான். காயப்போட்ட மீன், பக்கத்தில் வாய் பிரிந்த ஒரு சாக்கு, சாக்குக்குள் வெள்ளையாக ஒரு குவியல், சாக்கின்மேல் பெரிய எழுத்தில் யூரியா. அந்தப் படத்தைப் போட்டு, கீழே குரலும் சேர்த்துவிட்டான். தாராபுரத்துக் கருவாடு யூரியா போட்டுக் காயவைக்கிறது, தின்றால் சிறுநீரகம் போகும், "அவங்கள் எங்களுக்குத் தின்னக் குடுக்கிறதைப் பாருங்கோ" என்று. அவங்கள் என்றால் ஆர் என்று இந்தத் தீவில் ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் அது வவுனியா தாண்டி, சிங்களத்தில் எழுத்தும் ஏறி, தம்புள்ளைச் சந்தைக்குப் போய்விட்டது. அங்கேதான் ஹனிபா நானாவின் கருவாடு போகும். என்னுடையதும் அங்கேதான் போகும்.

படம் என் போனுக்கு வந்தபோது நான் கடையில் இருந்தேன். கண்டவுடனேயே தெரியும். சாக்கு என்னுடையது. வாய்க்கட்டில் நான் போடுகிற சிவப்பு நூல்கூடத் தெரிந்தது. உள்ளே இருந்தது உப்பு. என் கடைக்குப் பின்னால் அதே நேரத்தில் அதேமாதிரிச் சாக்கில் அதே உப்பு இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆட்களைப் பிடித்து என் உப்பைப் புது வெள்ளைச் சாக்குகளுக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு ஒரு படம் எடுத்து என் வியாபாரப் பக்கத்தில் போட்டேன். மேலே எழுதினேன்: "எங்கள் கருவாட்டில் யூரியா இல்லை." உன் அப்பா கதிரையில் இருந்தபடி பார்த்துவிட்டு, "அந்தாள்ட சாக்கு எங்கட சாக்கெல்லே?" என்றார். "நீங்கள் வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்றேன். அவர் சும்மா இருந்தார். அவருக்கு அதுதான் பழக்கம்.

நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மகன். அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். உங்கள் கம்பனியின் மிகப் பெரிய சல்லடையில் போட்டு அரித்தாலும் அது உண்மை என்றே விழும். ஆனால் அந்தப் படத்தைவிட அதிகமாக அந்த மனுசனைக் கொன்றது என்னுடைய அந்த ஒரு வரிதான். படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வியாபாரிகள், மன்னாரிலேயே இருக்கிற ஒரு கருவாட்டுக்காரி தன்னுடையதில் இல்லை என்று சொல்கிறாள், அப்படியென்றால் மற்றவனுடையதில் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் லொறி என் வாசலில் நின்றது. நான் ஏற்றினேன். இரண்டு மாதம் ஏற்றினேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஏற்றினேன் என்று சொன்னால் அது பொய். சந்தோசமாகத்தான் ஏற்றினேன்.

பிறகு ஒருநாள் காலை ஹனிபா நானா வந்தார். எப்போதும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், அன்றைக்கு நடந்து வந்தார். கையில் ஒரு உரப்பை, மடித்தபடி. மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது ஆருட?"

"என்னுடையதுதான் நானா."

"இதுக்குள்ள என்ன போடுவம்?"

"உப்பு."

"இத நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க. நான் சொன்னா கள்ளன் சொல்றான் எண்டுவாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"பாப்பம் நானா" என்றேன். எனக்கு அப்போது வாயில் வந்தது அதுதான். "புத்தளத்துக்குப் போன நேரம் வந்தவங்கட கையில துவக்கு இருந்திச்சு. போகச் சொன்னாங்க, போனோம். இப்ப ஒருத்தரும் போகச் சொல்லல்ல. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் விளங்கல்ல" என்றார். தேத்தண்ணி வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார். அந்தச் சாக்கை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குக் குத்தியது. தாமதமாகத்தான் குத்தியது. அதை மறைக்கவில்லை. முதலில் நீ சொல்லித்தந்த வழியில் போனேன். அந்தப் பதிவைத் திறந்து, முறைப்பாட்டை அழுத்தி, பொய்த் தகவல் என்று தெரிவு செய்து அனுப்பினேன். என் கடையில் வேலை செய்கிற பெண்கள் எல்லோருடைய போனிலிருந்தும் அனுப்பினேன். எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது: இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஏற்கெனவே ஹனிபா நானாவின் வளவுக்குப் போய், கருவாட்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, ஒன்றுமில்லை என்று கடுதாசியும் கொடுத்திருந்தார். நானா அதைப் படம் பிடித்துப் போட்டார். அவருடைய மருமக்கள் மட்டும்தான் பார்த்தார்கள். பொய்க்கு லொறி ஓடியது, மகன். கடுதாசி வளவு வாசலைத் தாண்டவில்லை.

சரி, நானே வாயைத் திறக்கிறேன் என்று முடிவெடுத்தேன். ஒரு உரப்பையை எடுத்துவந்து, அதற்குள் உப்பைக் கொட்டி, அள்ளி என் நாக்கில் வைத்துக் காட்டி, போனில் வீடியோ எடுத்தேன். "யூரியாக் கருவாடு எண்டு சொல்லுறது பொய். இந்தச் சாக்கு நான் குடுத்தது. இதுக்குள்ள இருக்கிறது உப்பு. தெரிஞ்சுகொண்டும் இரண்டு மாதம் நான் பேசாமல் இருந்தனான். அது என்ர பிழை." இவ்வளவுதான் சொன்னேன், அதையே வீடியோவுக்குக் கீழே எழுதியும் விட்டேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே சுத்தமான உண்மை அதுதான் என்று நினைக்கிறேன், அதில் எனக்கு ஒரு இலாபமும் இருக்கவில்லை. காலையில் போட்டேன். அடுத்த நாள் காலையில் இல்லை. உடல்நலத்துக்குத் தீங்கான பொய்த் தகவலைப் பரப்பியதற்காக அகற்றப்பட்டது என்று ஒரு அறிவித்தல். தமிழ்தான், ஆனால் தாய் தகப்பன் இல்லாத தமிழ். மீளாய்வு என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். நான் தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது: முடிவு சரியானது. இரண்டாம் முறை வேறு விதமாகச் சொல்லிப் போட்டேன். அதோடு பக்கத்தையே மூடிவிட்டார்கள். ஆறு வருசம் நான் விலையும் படமும் போட்டு வளர்த்த பக்கம். அந்தப் பொய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. போய்ப் பார்.

அதற்குப் பிறகு தம்புள்ளையில் எங்கள் கருவாட்டை வாங்கி விற்கிற பண்டார முதலாளிக்குப் போன் எடுத்தேன். சின்ன வயதில் நீ லொறியில் போகும்போதெல்லாம் உனக்கு இனிப்புத் தொதல் வாங்கித் தருவாரே, அவர்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னதை உன் காதால் நீ கேட்டிருக்க வேண்டும்.

"அக்கே, கோவம் வேணாம். உங்கட புத்தா அந்த மாதிரிக் கம்பனியில தானே? பொய் எல்லாம் அவர் அழிக்கிறது எண்டு நீங்க தானே சொன்னது?"

"ஓம், சொன்னனான்."

"அந்த யூரியா போட்டோ அப்பிடியே இருக்கு. உங்கட வீடியோ இல்ல. அப்ப எது பொய்?"

புத்தா என்று அவர் சொன்னது மகனை, உன்னை. நீ வேலைக்குப் போகிற நேரம் பெருமையில் அவருக்கும் போன் எடுத்து, என் மகன் உலகத்தில் உள்ள பொய்யெல்லாம் பிடிக்கப் போகிறான் என்று சொன்னவள் நான்தான். இந்தக் கேள்வியை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். படித்த ஆட்கள் பெரிதாகக் கதைக்கிறார்கள், கம்பனிகள் பொய்யைத் துடைப்பது நல்லதா, அது பேச்சைத் தணிக்கை செய்வதில் போய் முடியுமா என்று. எனக்கு அந்தப் பெரிய கதை தெரியாது. பண்டார முதலாளியின் கணக்குத் தெரியும். பொய்யை அகற்றுகிறோம் என்று ஒருவன் பலகை மாட்டினால், அவன் அகற்றாமல் விட்டதெல்லாம் உண்மை என்று முத்திரை குத்தினதாகிவிடும். பலகையே மாட்டாமல் இருந்திருந்தால் சனம் தன் மூளையைக் கொஞ்சமாவது பாவித்திருக்கும்.

அன்றைக்கே உனக்கு எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? நான் கேட்கவேயில்லை, நீயாகத்தான் சொன்னாய்.

"அம்மா, அந்தப் படம் வேலையில எனக்கு வந்தது."

"எப்ப?"

"முதல் கிழமையே."

"பாத்தனியோ?"

"பாத்தனான்."

"சாக்குத் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது அம்மா."

"பிறகேன் விட்டனி?"

அதில் ஆரையும் வெட்டச் சொல்லவில்லை, கொளுத்தச் சொல்லவில்லை, விதிப்புத்தகத்தில் கருவாடு இல்லை என்றாய். உனக்கு மட்டும் தெரிந்ததை வைத்து அழிக்க முடியாது என்றாய். சரி, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொருத்தனும் தனக்குத் தெரிந்ததை வைத்து அழிக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு பொத்தான் இருந்தது என்றாயே. ஊர் தெரிந்த ஆள் பார்க்க வேண்டும் என்று மேலே அனுப்புகிற பொத்தான். அதை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டதற்கு, அப்படி அனுப்பினால் நேரம் போகும், அந்த நாளுக்குப் பார்க்க வேண்டிய எண்ணிக்கை விழும் என்றாய். மன்னார்ச் சாக்கைத் தெரிந்த ஆள் அந்தக் கட்டடம் முழுவதிலும் நீ ஒருத்தன்தான். அந்தச் சாக்குக்கு மேலே நித்திரை கொண்டவன். வேறு ஆரைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பாய், அதுவும் எனக்கு விளங்கவில்லை. பிறகு என் வீடியோவை அழித்தது ஆர் என்று கேட்டேன். "அது ஆளில்லை அம்மா, மெஷின். யூரியாக் கருவாடு எண்ட சொல்லைப் பிறகு பட்டியலில போட்டவை, எழுத்தில கண்டவுடன தூக்கியிருக்கும்." அப்போ அந்தப் படத்தில் அந்தச் சொல் இல்லையா? இருந்தது, ஆனால் குரலில் இருந்தது, மெஷினுக்கு எங்கள் பேச்சுத் தமிழ் இன்னும் சரியாகப் பிடிபடாது என்றாய். கடைசியில் ஒரு வசனம் சொன்னாய் பார், அதுதான் என்னைச் சுட்டது. "எப்பிடிச் செய்தாலும் கொஞ்சக் கழிவு இருக்கும் அம்மா. நீங்களும் வியாபாரிதானே."

ஓம், வியாபாரிதான். கழிவைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். கரையில் மீன் எடுக்கிறபோது பழுதானதைக் கழிப்பேன். கழிக்காமல் வியாபாரம் செய்கிறவள் ஒரு மாதம் நிற்க மாட்டாள். எதையும் கழிக்கக்கூடாது, எல்லாம் சனத்தின் உரிமை என்று கத்துகிறவர்களோடு நான் இல்லை. ஒரு குரல் பதிவால் கடை எரிந்த ஊர்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. ஆனால் எங்கள் கரையில் கழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கழிக்கிற மீனை அதைக் கொண்டுவந்தவனுக்கு முன்னால் போட வேண்டும். ஏன் என்று வாயால் சொல்ல வேண்டும். அவன் செவுளைத் தூக்கி, "பாருங்கோ அக்கா, இரத்தம் இன்னும் காயேல்லை" என்று காட்டினால் நின்று பார்க்க வேண்டும். தொழில் தொடங்கின காலத்தில் ஒருநாள் மழை வரப்போகிறது என்ற அவசரத்தில், ஒருத்தனுடைய கூடையில் பாதியை அவனுக்குக் காட்டாமல் கழித்துக் காகத்துக்கு எறிந்துவிட்டேன். பழுதான மீன்தான், என் முடிவு சரி. ஆனால் அடுத்த நாள் கரையில் ஒருத்தரும் ஒரு குஞ்சு மீன்கூட எனக்குத் தரவில்லை. சம்மாட்டி, அந்த மீன்வாடியின் முதலாளி, என்னைக் கூப்பிட்டார். "மீன் பழுதோ இல்லையோ, அது வேற கதை. அவன்ர மீனை அவன் காணாமல் கழிக்க நீ ஆர்?" எல்லோருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மீன் கிடைத்தது. படிப்பில்லாத மீன்காரருக்குத் தெரிந்த முறை இது. கடல் மாதிரிக் காசு வைத்திருக்கிற உங்கள் கம்பனிக்கு ஏன் தெரியாது? என் வீடியோவைக் கழித்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. செவுளைத் தூக்கிக் காட்ட எனக்கு ஒரு ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினால் பொத்தான் பதில் சொல்கிறது.

தணிக்கை என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள் இல்லை நாங்கள். சண்டைக் காலத்தில் பேப்பரில் வெட்டின இடம் வெள்ளையாகவே கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தவுடனேயே, இதில் ஏதோ ஒரு உண்மை இருந்திருக்கிறது, ஆமிக்காரன் வெட்டிவிட்டான் என்று சனத்துக்குத் தெரியும். வெட்டினவன் ஆர் என்றும் தெரியும், ஆரை ஏச வேண்டும் என்றும் தெரியும். உங்களுடைய வெட்டில் வெள்ளை இடமே இல்லை. நான் ஒருநாளும் ஒன்றும் சொல்லாத மாதிரி, என் வாயே இருக்காத மாதிரி வழித்துவிட்டீர்கள். நாளைக்கு இன்னும் பெரிய ஆட்கள் வந்து உங்கள் கம்பனியின் காதுக்குள், இதையும் பொய் என்று எடு, அதையும் பொய் என்று எடு என்று சொன்னால், எடுத்ததுகூட எங்களுக்குத் தெரிய வராது. நீ நல்ல மனத்தோடுதான் அங்கே போனாய் என்று எனக்குத் தெரியும். தலையில்லாத உடம்புகளையும் அடிபடுகிற பிள்ளைகளையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட முடியாமல் இருந்ததையும் நீ சொல்லியிருக்கிறாய். அதை மற்றவர் கண்ணில் படாமல் எடுக்கிறாயே, அதற்கு உனக்குப் புண்ணியம் உண்டு. அந்தப் புண்ணியத்தைக் காட்டி இதை மூடாதே. உன் அப்பா ஒன்று சொன்னார், அவர் வாயைத் திறப்பதே குறைவு: "உலகத்துக்கெல்லாம் பொலிஸ். வீட்டில களவு போனா மட்டும் லீவு."

வளவுக் கதைக்கு வருகிறேன். ஹனிபா நானாவின் கருவாட்டை என் பெயரில் விற்றுத்தரட்டுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த உதவி. "என்ட பேரோட வித்தா வில்லுங்க. பேரில்லாம விக்கிறதுக்கு நான் ஏன் இங்க திரும்பி வந்தேன்?" என்று கேட்டார். இப்போது புத்தளத்தில் மகளின் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். வளவை எனக்குச் சந்தை விலைக்கு மிகக் குறைவாகத் தருகிறேன் என்றார், சாக்குக் கொடுத்து வாங்கின பழக்கத்தில். நான் வேண்டாம் என்றால் விடுதி கட்டக் கொழும்பிலிருந்து ஒரு ஆள் காத்திருக்கிறான். நல்ல வியாபாரம்தான், மகன். நீ சொன்னதில் வியாபாரப் பிழை ஒன்றும் இல்லை. பத்து வருசத்துக்கு முந்திய நானாக இருந்தால் நீ சொல்லுமுன்னே வாங்கியிருப்பேன். பொய் ஒன்று அந்த மனுசனைத் துரத்தி விட, அது பொய் என்று சொல்லக்கூடிய இரண்டு பேரில் ஒருத்தி வாய் மூடி நிற்க, மற்றவன் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமல் விட, கடைசியில் அந்த இரண்டு பேரின் குடும்பமே வளவையும் எடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று நீயே யோசி. நீ நினைக்காமல் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நினைக்காமல் சொன்னதற்குத்தான் இவ்வளவு கோபம். நினைக்காமல் சொல்ல எங்கே பழகினாய்? என்னிடம்தான்.

நேற்று அவருடைய வளவுக்குப் போனேன். படம் உன் கையில் வந்ததையும், சாக்கு உனக்குத் தெரிந்திருந்ததையும், நீ விட்டதையும் அவருக்குச் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் ஏன் சொன்னீர்கள் என்று கேட்காதே. என்னுடையதைச் சொன்னேன், உன்னுடையதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "உங்கட வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கு தங்கச்சி. ரெண்டு பேருல ஒராள் அண்டைக்கே வாயத் திறந்திருந்தா எனக்குப் போதுமா இருந்திருக்கும்."

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். கம்பனியின் பெயரில் வேண்டாம், உன் பெயரில் எழுது. தமிழிலும் எழுது, லொறியில் திரிந்து பழகின உன் சிங்களத்திலும் எழுது. அந்தப் படம் எனக்கு வந்தது, சாக்கை எனக்குத் தெரியும், உள்ளே இருந்தது உப்பு என்று எனக்குத் தெரியும், நான் மேலே அனுப்பாமல் விட்டேன். நாலு வரி போதும். உன் பெயரைப் பண்டார முதலாளி மதிப்பார். நான் அதை எடுத்துக்கொண்டு லொறியிலேயே ஏறித் தம்புள்ளைக்குப் போய், ஒவ்வொரு கடையாக வாசித்துக் காட்டுவேன். இணையத்தில் போட மாட்டேன், அங்கே எனக்கு வாய் இல்லை. வேலையைப் பற்றி வெளியில் கதைக்கக்கூடாது என்று நீ கையெழுத்து வைத்திருக்கிறாய், தெரியும். எழுதினால் வேலை போகலாம், அதுவும் தெரியும். வேலை போகாது என்று பொய் சொல்லி உன்னிடம் எழுதி வாங்க எனக்கு விருப்பமில்லை. போனால் வா. இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. நீ வரும்போது ஊர் உன்னைப் பார்த்துச் சிரிக்கலாம். என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கிறது, நான் செத்துவிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து ஹனிபா நானா என் பதிலைக் கேட்க வருவார். வளவை நான் வாங்கவில்லை என்று சொல்லுவேன். அது என் பங்கு, அதை முடிவு செய்துவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு அவர் எழும்பி நேரே கொழும்புக்காரனிடம் போகாமல் இருக்க, நான் அவர் கையில் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அந்த நாலு வரி. அது இன்னும் உன்னிடம் இருக்கிறது.

அம்மா